இரண்டாயிரம் ரூபாய் மோட்டார்

மரக்காணம் சென்று வந்தோம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சாலையோரத்திலேயே விரிந்து கிடக்கின்றன உப்பளங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள். பாத்திகளுக்கு நடுவே வரப்புகள். மேட்டுக்கு மேடு வெள்ளைக் குவியல்கள். வெயில் ஏறுமுன் வேலை முடியவேண்டுமென்று விடியும்போதே பலகை பிடித்து உப்பு வாருகிறார்கள். கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டிலே கொட்டுகிறார்கள் பெண்கள். கொட்டிய உப்பை மழைக்கு முன்னர் பனை ஓலை போட்டு மூடுகிறார்கள். தையிலே தொடங்கினால் ஐப்பசி மழை வரும் வரையில்தான் இந்தப் பிழைப்பு. மழை விழுந்தால் பாத்திகள் ஏரியாகும். தொழிலாளி வீட்டு அடுப்பிலே பூனை உறங்கும்.

அந்த வரப்பிலே நின்று சாலையைப் பார்த்தோம். எத்தனை மோட்டார்கள்! ஒன்றன்பின் ஒன்றாக, ஓயாமல் ஒழியாமல் ஓடிக்கொண்டிருந்தன. கொரிய நாட்டுப் பெயர் தாங்கியது ஒன்று. ஜப்பான் நாட்டுப் பெயர் தாங்கியது ஒன்று. பிரெஞ்சுப் பெயர் ஒன்று. டாட்டா, மகிந்திரா என்ற வடநாட்டு முதலாளிகளின் பெயர்கள் சில. உடன் நின்ற உப்பளத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார், இத்தனை கார்கள் போகின்றனவே, நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் நினைத்து, வரைந்து, செய்து, தன் பெயரை எழுதி ஓடவிட்ட கார் ஒன்றாவது இதிலே உண்டா என்று.

இல்லை என்றோம். ஆனால் செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார் என்றும் சொன்னோம். அவர் கதையை அந்த வரப்பிலே நின்றபடி சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. லாரி வந்துவிட்டது, உப்பு ஏற்றவேண்டும். ஆகவே இங்கே எழுதுகிறோம். அந்தத் தோழருக்கும், அவரைப்போல் கேட்க நினைத்துக் கேட்காமலிருக்கும் ஆயிரமாயிரம் தோழர்களுக்கும்.

உப்புக்கும் வண்டிக்கும் உறவு

உப்பளத்திலே நின்று மோட்டாரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். உப்பும் வண்டியும் கூடப் பிறந்தவை, தோழர்களே! உப்பைக் கடற்கரையிலேயே வைத்துக்கொண்டால் அது வெறும் கரிப்பு. உள்நாட்டுக்குப் போனால்தான் அதற்கு விலை. சங்ககாலத்து உமணர்கள் கடற்கரை உப்பை வண்டியிலேற்றி மலையடிவாரம் வரை கொண்டு போனார்கள். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வதென்று முன்கூட்டியே எண்ணி, வண்டியின் அடியிலே சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்ற செய்தி புறநானூற்றிலே இருக்கிறது. இன்றைக்கு மோட்டாரின் பின்புறத்திலே ஸ்டெப்னிச் சக்கரம் இருக்கிறதே, அந்த எண்ணம் உப்பு வண்டிக்காரனுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது!

பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வந்தது. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக வந்து மரக்காணத்தில் முடிந்த அந்தக் கால்வாயிலே படகுகள் உப்பைச் சுமந்து சென்னைக்குப் போயின. பிறகு லாரி வந்தது; படகு ஓய்ந்தது; கால்வாய் தூர்ந்தது. வண்டி மாறும்போதெல்லாம் உப்பளத்தின் வாழ்வும் மாறியிருக்கிறது. வண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதே உப்பின் விலை. எனவே வண்டி செய்த கதை உப்பளத் தோழருக்கு அந்நியக் கதையல்ல.

உலகம் மோட்டார் செய்த விதம்

முதலிலே உலகத்தைப் பார்ப்போம். 1886-ம் ஆண்டில் ஜெர்மனியிலே காரல் பென்ஸ் என்பவர் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே இரு மகன்களை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இது வேடிக்கைப் பொருளல்ல, ஓடும் பொருள் என்று ஊரார் நம்பினார்கள். ஆனாலும் அது பணக்காரர் வீட்டு வாசலில் மட்டுமே நின்றது.

ஏழைக்கும் எட்டும்படி செய்யலாம் என்று காட்டியவர் அமெரிக்க நாட்டு ஹென்றி போர்டு. உழவர் வீட்டுப் பிள்ளை. 1908-ம் ஆண்டில் டி மாடல் என்ற காரை வெளியிட்டார். 1913-ல் தொழிலாளி பொருளைத் தேடிப் போவதற்குப் பதிலாகப் பொருளே தொழிலாளியிடம் நகர்ந்து வரும் முறையைத் தன் தொழிற்சாலையிலே அமைத்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்திலே முடிந்தது. தொடக்கத்தில் 850 டாலர் விற்ற கார், பின்னர் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927-ல் அந்த மாடலை நிறுத்தியபோது ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்திருந்தன.

1914-ல் அதே போர்டு நாள் கூலியை ஏறத்தாழ இரு மடங்காக்கி ஐந்து டாலர் என்றார். வேலை நேரம் எட்டு மணி என்றார். தருமமா? இல்லை. ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்கி முடுக்கிச் சலித்த தொழிலாளர்கள் வந்த வேகத்திலே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தக் கூலி ஏறியது. அதே போர்டின் ஆலை வாசலிலே 1937-ல் சங்கம் சேர்க்க வந்தவர்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். 1941-ல்தான் சங்கத்தோடு அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மோட்டாரின் சரித்திரத்திலே முதலாளியின் பெயர் பெரிய எழுத்திலே இருக்கிறது. தொழிலாளியின் ரத்தம் எழுத்துக்களுக்கு இடையே இருக்கிறது. இதை மறந்துவிட்டு எந்த மோட்டார்க் கதையையும் நாம் படிக்கக்கூடாது.

ஜெர்மனியில் ஹிட்லர் மக்கள் கார் தருகிறேன் என்றான். வாரந்தோறும் ஐந்து மார்க் கட்டி முத்திரை ஒட்டுங்கள் என்றான். மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் கட்டினார்கள். கட்டியவருக்குக் கார் வரவில்லை; போர் வந்தது. மக்களின் பெயரால் செய்யப்படுவதெல்லாம் மக்களுக்குப் போய்ச் சேருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கலங்கலில் பிறந்த பிள்ளை

இனி நம் கதைக்கு வருவோம். கோவையை அடுத்த கலங்கல் என்ற சிற்றூரிலே, 1893-ம் ஆண்டு மார்ச்சு 23-ல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. நாடறிந்த பெயர் ஜி.டி. நாயுடு.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு முடிந்தது படிப்பு. பட்டம் பெற்றவன்தான் அறிவாளி, குலம் பார்த்துத்தான் கல்வி என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டிலே, மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒரு பட்டிக்காட்டுப் பிள்ளை பின்னாளில் பொறியியல் கல்லூரி ஒன்றுக்கே முதல்வராக அமர்ந்தார் என்றால், அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

இளைஞரான காலத்தில், வெள்ளைக்கார ரெவினியூ அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. தானே ஓடுகிறது வண்டி. மற்றவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்; பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். துரைசாமிக்கோ அன்றிரவு உறக்கமில்லை. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாகவேண்டும்.

வீட்டை விட்டுக் கோவைக்குப் போனார். அங்கே என்ன வேலை கிடைத்தது? ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறும் வேலை! உழவர் வீட்டுப் பிள்ளை சர்வராக நின்றார். வெட்கப்படவில்லை. காசு காசாகச் சேர்த்தார். சேர்த்த பணத்தைக் கொண்டு அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் போனாரா? இல்லை. உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். எல்லாவற்றையும் தரையிலே பரப்பினார். எது எதைத் தள்ளுகிறது, எது எதைச் சுற்றுகிறது என்று பார்த்தார். மீண்டும் பூட்டினார். ஓடியது! அதுதான் அவர் படித்த கல்லூரி. அவருக்கு ஆசானும் அந்த இயந்திரம்தான், பாடப் புத்தகமும் அந்த இயந்திரம்தான்.

பிறகு மெக்கானிக்காக வேலை பார்த்தார். பருத்தித் தொழிலிலே இறங்கிப் பொருள் சேர்த்தார். பம்பாய்க்குப் போய் வியாபாரச் சூதிலே அதை இழந்து திரும்பினார். சேர்த்ததும் போனதும் சேர்ந்து அவருக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தன. பஞ்சின் விலை பம்பாய்க்காரன் கையில். ஆனால் இயந்திரத்தை அறிந்த கை நம்முடையது. அதை எவனும் பிடுங்க முடியாது.

பொள்ளாச்சி முதல் பழனி வரை

கோவையிலே தொழில் நடத்திவந்த ஆங்கிலேயர் ஸ்டேன்ஸ் என்பவர் இந்த இளைஞரின் திறமையைக் கண்டு பண உதவி செய்தார். 1920-ம் ஆண்டில் ஒரு பஸ் வாங்கினார் நாயுடு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே, கோளாறு வந்தால் அடியிலே படுத்துச் சரிசெய்யும் மெக்கானிக்கும் அவரே.

ஒரு பஸ் பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெயர். யு.எம்.எஸ். என்றால் கொங்கு நாட்டிலே தெரியாதவர் இல்லை. 1930-களிலே இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள். சொன்ன நேரத்தில் புறப்படும், சொன்ன நேரத்தில் போய்ச் சேரும் என்று பெயர் வாங்கிய பஸ்கள். பழுது பார்க்கச் சொந்தப் பட்டறை. நாட்டிலேயே மிகத் திறமையாக நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்றாக அது பேசப்பட்டது.

பஸ் என்றால் இன்று நமக்குச் சாதாரணம். அன்று அது சாதாரணமா? மாட்டு வண்டி வைத்திருந்தவன் மிராசுதாரன். குதிரை வண்டி வைத்திருந்தவன் ஜமீன்தாரன். ஏழைக்குக் கால்தான் வண்டி. பஸ் வந்தபிறகு, காசு கொடுத்தவன் எவனும் ஏறலாம் என்றாயிற்று. அதையும் சும்மா விட்டார்களா? தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்றமாட்டோம் என்று சொன்ன பஸ் முதலாளிகள் அன்று இருந்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுப்பவருக்கு லைசென்சு கிடையாது என்று உத்தரவு போடவேண்டியிருந்தது. இயந்திரம் சாதி பார்ப்பதில்லை. இயந்திரத்தை வைத்திருப்பவன் பார்க்கிறான். லைசென்சு என்ற ஆயுதம் நல்லவர் கையிலே நல்லது செய்தது. அதே ஆயுதம் வேறு கைக்குப் போனபோது என்ன செய்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கை வைத்ததெல்லாம் இயந்திரம்

நாயுடு வெளிநாடுகளுக்குப் போனார். பணம் படைத்தவர்கள் போய் மாளிகை பார்த்தார்கள். அவர் போய்த் தொழிற்சாலை பார்த்தார். கையிலே படம் பிடிக்கும் கருவி. 1936-ல் லண்டனிலே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சவ ஊர்வலத்தைக்கூடப் படம் பிடித்தார். ஜெர்மனியிலே தம் யோசனைப்படி ரசாந்த் என்ற மின்சாரச் சவரக் கருவியைச் செய்வித்தார். சிறு மோட்டார் ஒன்றும் பாட்டரியும் அதற்குள்ளே அடக்கம்.

1937-ம் ஆண்டில் கோவைப் பீளமேட்டிலே நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற ஆலையிலிருந்து மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். டி. பாலசுந்தரம் நாயுடு அதில் அவருக்குத் துணை. இது சிறிய செய்தியல்ல. பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் கோவைக்கு வந்தது. மின்சாரம் வந்த இடத்தில் மோட்டாரும் வந்தது. கிணற்றிலே கமலை இறைத்த மாட்டுக்கு ஓய்வு வந்தது. கோவை இன்று பம்பு நகரம் என்று பெயர் பெற்றிருக்கிறதென்றால் அதற்கு விதை போட்டவர்களில் ஒருவர் அந்த மூன்றாம் வகுப்புக்காரர்.

பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு செய்யும் கருவி, மெல்லிய சவர பிளேடு, இப்படி ஒன்றன்பின் ஒன்று. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். பணக்காரர் கூடத்திலே மட்டும் பாடிய பெட்டியைப் பாட்டாளி வீட்டுத் திண்ணையிலும் பாட வைக்கலாம் என்பது அவர் கணக்கு. பருத்தியிலும் பப்பாளியிலும் புதுவகை கண்டார்.

1945-ல் கோவையிலே தொழிற்பயிற்சிக்கூடமும், பொறியியல் கல்லூரியும் அமைய வழி செய்தார். அன்றைய சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் அவை தொடங்கின. கல்லூரியின் முதல்வராக நாயுடுவே இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு வீண். பட்டறையிலே கை வைத்துப் படித்தால் இரண்டு ஆண்டு போதும் என்றார். வெள்ளைக்காரச் சர்க்கார் ஒப்பவில்லை. பதவியை விட்டு வெளியேறினார். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

1952

இப்போது நம் உப்பளத் தோழர் கேட்ட கேள்விக்கு வருகிறோம். 1952-ம் ஆண்டில் ஜி.டி. நாயுடு ஒரு கார் செய்தார். இருவர் உட்காரும் கார். பெட்ரோலில் ஓடுவது. விலை இரண்டாயிரம் ரூபாய். அன்றைக்கு நம் சாலைகளில் ஓடிய கார்கள் இதைப்போலப் பல மடங்கு விலை.

கார் ஓடியது. ஆனால் தொழிற்சாலை வைத்து ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டுமானால் டில்லிச் சர்க்காரின் லைசென்சு வேண்டும். 1951-ல் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. 1952 மே மாதத்திலிருந்து அமலுக்கு வந்தது. எந்தப் பெருந்தொழிலை யார் தொடங்கலாம் என்பதை டில்லி சொல்லும். நாயுடுவுக்கு லைசென்சு கிடைக்கவில்லை. கார் நின்றது. கதை முடிந்தது.

சர்க்கார் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். புதிதாக விடுதலை பெற்ற நாடு, அன்னியச் செலாவணி குறைவு, எஃகு குறைவு, உள்ளதைப் பங்கிட்டுக் கொடுக்கத் திட்டம் வேண்டும். அது உண்மை. வெளிநாட்டுக் கம்பெனிகள் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்று லாபத்தை எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்க வேண்டும் என்று 1953-ல் முடிவு செய்தார்கள். ஜெனரல் மோட்டார்சும் போர்டும் கடை கட்டின. அதுவும் சரி. இன்னொன்றும் உண்மை: ஒரு காரைச் செய்து ஓட்டிக் காட்டுவது வேறு, அதே விலையிலே பத்தாயிரம் கார்களைச் செய்து தருவது வேறு. இரண்டாயிரம் ரூபாய் என்ற கணக்கு தொழிற்சாலையிலே நின்றிருக்குமா என்பதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே வரவில்லை.

நம் மனக்குறையே அதுதான். சோதித்துத் தோற்றிருந்தால் வருந்தமாட்டோம். சோதிக்கவே விடவில்லையே! வெளிநாட்டானை வெளியேற்றியது சரி. வெளியேற்றிய இடத்திலே யாரை உட்கார வைத்தார்கள்? கல்கத்தாப் பக்கத்திலே பிர்லாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாயிலே வால்சந்தின் பிரிமியர். நம் சென்னையிலே ஸ்டாண்டர்டு. மூன்று பேர். அந்த மூவரும் செய்தது என்ன? இங்கிலாந்துக்காரனும் இத்தாலிக்காரனும் வரைந்து கொடுத்த காரை அப்படியே செய்தார்கள். இங்கிலாந்து மாரிஸ் காரின் சாயலிலே வந்த அம்பாசிடர் 1957 முதல் 2014 வரை ஓடியது. சென்னை எண்ணூரிலே 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார் பூட்டியது; பிறகு லேலண்டு லாரிக்கு மாறிவிட்டது. வரைபடம் கடல் கடந்து வந்தால் லைசென்சு உண்டு; கலங்கலிலிருந்து வந்தால் கிடையாது!

அதே ஆண்டுகளில் உலகம் என்ன செய்தது?

1948-ல் பிரான்சு நாட்டிலே சித்ரோவன் கம்பெனி, உழவர்கள் முட்டைக் கூடையை ஏற்றிக்கொண்டு போகக்கூடிய எளிய கார் ஒன்றை வெளியிட்டது. தகரப்பெட்டி என்று நகரத்தார் சிரித்தார்கள், லட்சக்கணக்கிலே விற்றது. இத்தாலியிலே பியட் கம்பெனி 1957-ல் சின்னஞ்சிறு காரை வெளியிட்டது. தொழிலாளி குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனான். ஜப்பானிலே 1958-ல் சுபாரு சிறிய கார் வந்தது. இரண்டு பேர், மூன்று பேர் உட்காரும் சின்ன வண்டிகள் ஜெர்மனியிலே ஐம்பதுகளில் தெருவெல்லாம் ஓடின. நாயுடு கண்டது பகற்கனவல்ல. உலகத்தில் பலர் ஒரே சமயத்தில் கண்ட கனவை அவரும் கண்டார். மற்றவர்கள் கனவு ஆலையாயிற்று. நம்மவர் கனவு கண்காட்சிப் பொருளாயிற்று.

கொரியாவைப் பாருங்கள், தோழர்களே! நாயுடு கார் செய்த 1952-ல் கொரியா போரிலே எரிந்துகொண்டிருந்தது. அந்த நாட்டிலே அன்று ஹூண்டாய் மோட்டார் கம்பெனி பிறக்கக்கூட இல்லை. 1967-ல்தான் பிறந்தது. 1975-ல் போனி என்ற தன் காரை வெளியிட்டது. 1998-ல் நம் திருப்பெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலே தொழிற்சாலை திறந்து சாண்ட்ரோ காரை ஓடவிட்டது. பதினைந்து ஆண்டு முன்னால் புறப்பட்டவன் வாசலிலே நிற்கிறான். பின்னால் புறப்பட்டவன் வந்து வேலை தருகிறான். மரக்காணத்துச் சாலையிலே நாம் கண்ட கொரிய வண்டியின் கதை இது.

லைசென்சு எல்லோருக்கும் மறுக்கப்பட்டதா? அதுவும் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்திலே, அன்றைய பிரதமரின் மகன் சஞ்சய் காந்திக்குச் சிறிய கார் செய்ய அனுமதி கிடைத்தது. ஆண்டுகள் ஓடின, மக்கள் கைக்குக் கார் வரவில்லை. கடைசியிலே அந்தக் கம்பெனியைச் சர்க்காரே எடுத்து, ஜப்பான் சுசுகியைக் கூட்டுச் சேர்த்து, 1983 டிசம்பரில்தான் முதல் மாருதியை வெளியிட்டது. செய்து காட்டியவருக்கு மறுப்பு, செய்யாதவருக்கு அனுமதி. நாம் கூட்டிச் சொல்லவில்லை, ஆண்டுகள் சொல்கின்றன.

உடைத்த கை

நாயுடுவைத் தெய்வமாக்க நாம் வரவில்லை. அவர் முதலாளி. முதலாளிகளுக்குள்ள பிடிவாதமும் அவரிடம் இருந்தது. சர்க்காரின் வரிக்கொள்கை மீது கோபம் கொண்டு, தம் தொழிற்சாலையில் செய்த ரேடியோ முதலிய பொருள்களை ஊரார் முன்னிலையிலே உடைத்து நொறுக்கினார். இலவசமாகக் கொடுத்தாலும் வரி கட்டவேண்டுமா என்பது அவர் ஆத்திரம். ஆத்திரம் நமக்குப் புரிகிறது. ஆனால் செயலை நாம் ஒப்ப முடியாது. அந்த ரேடியோவிலே நாயுடுவின் அறிவு இருந்தது. அதோடு அதைப் பூட்டிய தொழிலாளியின் உழைப்பும் இருந்தது. தன் அறிவை உடைக்க அவருக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். பிறர் உழைப்பை உடைக்க உரிமை ஏது? மரக்காணத்திலே வாரி வைத்த உப்பை உரிமையாளர் கோபத்திலே கடலில் கொட்டினால், வாரிய கைக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்றையும் சொல்வோம். தனி ஒருவர் எவ்வளவு பெரிய அறிவாளியாக இருந்தாலும் தனியே நின்று டில்லியோடு மோதினால் உடைப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. 1936-ம் ஆண்டுக் காலத்திலே சட்டமன்றத் தேர்தலுக்கும் நின்றார், தோற்றார். அவரிடம் பட்டறை இருந்தது. பின்னாலே மக்கள் இயக்கம் இல்லை. அறிவுக்கு அமைப்பின் துணை வேண்டும். அமைப்புக்கு அறிவின் துணை வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று ஒற்றைச் சக்கர வண்டி.

1974 ஜனவரி 4-ல் அவர் மறைந்தார். எண்பது வயது நிறைந்த வாழ்வு. கோவையிலே அவர் பெயரால் கண்காட்சி இருக்கிறது. அவருடைய அறக்கட்டளை 2015-ல் கார் அருங்காட்சியகமும் திறந்தது. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையிலே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் உயர்மட்டப் பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டித் தமிழக முதலமைச்சர் திறந்து வைத்தார். நல்ல காரியம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: பாலத்துக்கு அவர் பெயர், அதன் மேல் ஓடும் காருக்கு வேறு நாட்டான் பெயர்.

உப்பளத் தோழருக்குச் சொல்வது

சிலர் சொல்லலாம்: யார் பெயராயிருந்தால் என்ன, தொழிற்சாலை இங்கே இருக்கிறது, வேலை கிடைக்கிறது, போதாதா என்று. போதாது என்பதற்கு மறைமலை நகரே சாட்சி. தொண்ணூறுகளில் போர்டு கம்பெனி அங்கே தொழிற்சாலை வைத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போனார்கள். 2021 செப்டம்பரில், நட்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்து போராட வேண்டியிருந்தது; அந்த ஆண்டே உற்பத்தி நின்றது. முடிவு எங்கே எடுக்கப்பட்டது? அமெரிக்காவிலே. அடுப்பு எங்கே அணைந்தது? செங்கற்பட்டுப் பக்கத்திலே. வரைபடம் எவனிடம் இருக்கிறதோ, வாசற்சாவியும் அவனிடம்தான் இருக்கும்.

அதனால்தான் நாயுடுவின் கதை நமக்கு வேண்டும். அவரைப் போற்றிப் பாட அல்ல. அவர் செய்ததைத் தொடர. நம் பிள்ளைகள் ஆலையிலே திருகாணி முடுக்கினால் மட்டும் போதாது. அந்தத் திருகாணி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கவேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்திலே படிக்கும் பிள்ளை இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க அஞ்சக்கூடாது. சங்கத்திலே இருக்கும் தோழர் கூலி உயர்வோடு, இங்கே வரைந்து இங்கே செய்யும் உரிமையையும் கேட்கவேண்டும்.

மரக்காணத்திலிருந்து புறப்படும்போது மறுபடி ஒரு முறை உப்பளத்தைத் திரும்பிப் பார்த்தோம். ஒரு பெண் தலையிலே உப்புக் கூடையைச் சுமந்து வரப்பில் நடந்துகொண்டிருந்தார். கூடையிலிருந்து கரிப்பு நீர் சொட்டித் தோளிலே வழிந்தது. அவருக்குப் பின்னாலே, சாலையில், பல லட்சம் ரூபாய்க் கார்கள் பறந்தன.

ஜி.டி. நாயுடு அந்த வரப்பிலே நின்றிருந்தால் எதைப் பார்த்திருப்பார்? காரையல்ல என்று நினைக்கிறோம். அந்தக் கூடையைப் பார்த்திருப்பார். வழுக்கும் வரப்பிலே ஒரு மனிதர் தள்ளிக்கொண்டு போகக்கூடிய, உப்பு அரிக்காத, எளிய விலையுள்ள ஒரு சிறு வண்டிக்கு அன்றிரவே கணக்குப் போட்டிருப்பார். அந்த வண்டியை இன்னும் எவரும் அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கவில்லை. அதைச் செய்ய டில்லியின் லைசென்சு தேவையில்லை, தோழர்களே! பட்டறை இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் முதலில் கை வைக்கப் போகிறீர்கள்?